ஆபிரிக்க மக்களும் சிறுநீரகச் சிதைவும்: இரத்தமா, இடமா?

மாலி நாட்டின் சுல்தான் மாரி ஜாதா தூக்க வருத்தத்தால் மௌத்தானார் என்று இப்னு கல்தூன் தமது வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஹிஜ்ரி 775, அதாவது கி.பி. 1373-74. மன்ஸா மூஸா பொன் சுமந்த ஒட்டகங்களோடு கெய்ரோ வழியாக ஹஜ்ஜுக்குப் போய் அரை நூற்றாண்டு கழிந்திருந்த காலம் அது. அந்த நாட்டாரிடையே, குறிப்பாகத் தலைவர்களிடையே, அடிக்கடி காணப்படும் நோய் என்கிறார். எந்நேரமும் தூக்கம், விழித்திருக்கவே முடியாத நிலை, இரண்டு வருடமளவில் உயிர் பிரிந்தது. ஆபிரிக்கத் தூக்க நோய் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய விவரங்களுள் இது ஒன்று.

சிறுநீரகத்தைப் பற்றி எழுத வந்தவர் தூக்க நோயில் தொடங்குகிறாரே என்று வாசகர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அந்தத் தூக்க நோயைத் தரும் ஒட்டுண்ணிக்கும், இன்று லாகோஸிலும் அக்ராவிலும் நியூயோர்க்கிலும் சிறுநீரகம் செயலிழந்து கட்டிலில் கிடக்கும் பலருக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டென்பது 2010இல்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு, "ஆபிரிக்கரின் சிறுநீரக நோய்" என்று அதுவரை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்ததை அவிழ்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அவிழ்த்தால் உள்ளே இருப்பது ஒரு நோயல்ல, பல.

முதலில் உறுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் மயிர்த்துளைக்குழாய்கள் நூலுண்டைபோல் சுருண்ட கலன்கோளம். குருதி வடிக்கப்படுவது அங்கேதான். அந்த நூலுண்டையை வெளியிலிருந்து கால்விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் கலங்கள் சில உண்டு. குருதியிலுள்ள புரதம் சலத்தோடு போய்விடாமல் காப்பவை அவையே. செத்துப்போனால் அவற்றுக்குப் பதிலாகப் புதியவை முளைப்பது மிகக் குறைவு. கலன்கோளத்துக்குக் கீழே நீண்ட சிறுகுழாய்கள். உடம்புக்குத் தேவையான நீரையும் உப்பையும் திரும்ப எடுப்பது அவற்றின் வேலை. இவற்றுக்கிடையே நிரம்பிக் கிடப்பது இடையிழையம். நோய் எங்கே தொடங்கினாலும் முடிவு ஒன்றுதான்: இழையம் தழும்பாகும், தழும்பு வடிக்காது. ஆனால் எங்கே தொடங்கியது என்பதை வைத்துத்தான் காரணத்தையும் மருந்தையும் தேட முடியும். இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கும்.

அமெரிக்காவில் கறுப்பினத்தாருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வரும் வீதம் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று பல தசாப்தங்களாகக் கணக்கிட்டு வந்தார்கள். அவர்களில் மிகப் பலருடைய கோப்பில் எழுதப்பட்ட காரணம் உயர் குருதியமுக்கம். "பிரஷரைக் கவனிக்காம விட்டுட்டார், கிட்னி போயிட்டுது" என்று நம் ஊரிலும் சொல்வோமே, அதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் நோயாளி மேலான குற்றச்சாட்டு ஒன்றும் ஒளிந்திருந்தது. 2010இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒன்றையொன்று அடுத்து ஒரே பரம்பரையலகைச் சுட்டிக்காட்டின. அதன் பெயர் அபோல்-1. அதில் ஜி1, ஜி2 என்று இரண்டு மாற்று வடிவங்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதியும் மாறியிருந்தால் கலன்கோளத்தில் தழும்பு விழும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தாரில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இவ்வாறு இரண்டு பிரதியும் உடையவர்கள். குருதியமுக்கத்தால் சிறுநீரகம் கெட்டது என்று எழுதப்பட்டவர்களில் பலருக்கு உண்மையில் சிறுநீரகம் முதலில் கெட்டு, அதனால் குருதியமுக்கம் ஏறியிருக்கிறது. காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடந்தன.

இப்படித் தீங்கு செய்யும் வடிவம் ஏன் ஒழிந்துபோகாமல் பெருகியது? இங்கேதான் தூக்க நோய் வருகிறது. ட்செட்சி என்னும் இலையான் கடித்து உடம்புக்குள் விடும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிகளில் சிலவகை மனிதக் குருதியில் வாழ முடியாது. அபோல்-1 புரதம் ஒட்டுண்ணியின் உள்ளே போய், அதன் சவ்வில் துளையிட்டு, அதை ஊதி வெடிக்கச் செய்துவிடும். கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள ஒரு வகை ஒட்டுண்ணி இதற்கு மாற்று வழி கண்டது. அபோல்-1ஐப் பிடித்து முடக்கும் ஒரு புரதத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. மனித உடம்பு அதற்கும் ஒரு மாற்று வைத்தது. ஜி1, ஜி2 வடிவங்கள் அந்தப் பிடிக்குள் சிக்காமல் நழுவி ஒட்டுண்ணியைக் கொல்லக்கூடியவை. ஒரு பிரதி இருந்தாலே இந்தப் பாதுகாப்பு ஓரளவு கிடைக்கும். இரண்டு பிரதி இருந்தால், ஒட்டுண்ணியின் சவ்வில் துளையிட்ட அதே இயல்பு சிறுநீரகக் கலங்களின் மேலேயே திரும்பிவிடுகிறது. ஆனால் இந்த வடிவங்கள் மிக அதிகமாக இருப்பது மேற்கு ஆபிரிக்காவில், நைஜீரியாவின் யொருபா, இக்போ மக்களிடையே. மேற்கிலுள்ள தூக்க நோய் ஒட்டுண்ணி வேறு வகை. ஆகவே கதை இன்னும் முழுதாகச் சொல்லப்படவில்லை. நூல்களில் இதை ஒரே வரியில் முடித்துவிடுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று இந்தக் கதையில் உண்டு: ஹபஷா. பிலால் (ரழி) அவர்களின் மூதாதையர் தேசம். நஜ்ஜாஷி மன்னர் முதல் முஹாஜிர்களுக்கு அடைக்கலம் கொடுத்த தேசம். இன்றைய எத்தியோப்பியா அதன் பெரும்பகுதி. எத்தியோப்பியரிடையே நடந்த ஆய்வில் ஜி1, ஜி2 வடிவங்கள் காணப்படவில்லை. மற்றைய ஆபிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. தொற்றியவர்களிடம் சாதாரணமாகக் காணும் ஒருவகைச் சிறுநீரகச் சிதைவும், எச்.ஐ.வி. தொற்றிய எத்தியோப்பியரிடம் தேடியபோது கிடைக்கவில்லை. தோலின் நிறத்தை வைத்து லாகோஸ்காரரையும் அடிஸ் அபாபாக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் சிறுநீரகம் அந்த வரிசைக்குக் கட்டுப்படவில்லை. பரம்பரை உண்மை, ஆனால் அது "கறுப்பு" என்ற பெயரின் எல்லைக்குள் நிற்கும் பரம்பரையல்ல.

நைஜீரியாவிலும் கானாவிலும் 8,355 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2024 இறுதியில் வெளிவந்தன. அவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம் இரண்டு பிரதிகளும், 43 சதவீதத்தினரிடம் ஒரு பிரதியும் காணப்பட்டன. ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஆபத்தில்லை என்பதே அதுவரை பாடம். இந்த ஆய்வில் ஒரு பிரதி உடையவர்களுக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் எழுதிய பாடத்தை ஆபிரிக்காவில் திருத்த வேண்டியிருந்தது என்பதே இதில் எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது. ஆபிரிக்கரின் நோயைப் பற்றிய அறிவு நெடுங்காலமாகக் கடலுக்கு அப்பால் பிறந்த அவர்களது சந்ததியிடமிருந்தே சேகரிக்கப்பட்டு வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பிரதி உடையவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் நோயில்லாமலே ஹயாத்தை முடிக்கிறார்கள். பரம்பரை துப்பாக்கியில் தோட்டாவை வைக்கலாம். விசையை இழுக்க வேறொன்று வேண்டும். எச்.ஐ.வி. அப்படி இழுப்பவற்றில் மிகக் கொடியது. வைரசு தொற்றும்போது உடம்பு சுரக்கும் இன்டர்பெரோன், அபோல்-1 உற்பத்தியைப் பெருக்கிவிடுகிறது. கலன்கோளம் காற்றுப்போன பந்துபோல் ஒடுங்கிவிடுகிறது. சில மாதங்களில் இரண்டு சிறுநீரகமும் போய்விடும். எச்.ஐ.வி. மருந்தை நேரத்தோடு தொடங்கினால் இந்தச் சிதைவு பெரும்பாலும் வருவதேயில்லை. தென்னாபிரிக்க அரசு அந்த மருந்தைப் பொது வைத்தியசாலைகளில் கொடுக்கத் தொடங்கியது 2004இல். அதற்கு முன் போனவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது அவர்களது பரம்பரையலகா, தாமதமான கொள்கையா?

நீரிலும் நுளம்பிலும் வந்தவை

1851இல் கெய்ரோவின் கஸ்ருல் ஐனி வைத்தியசாலையில் பணியாற்றிய தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர், ஒரு சடலத்தின் குருதிக்குழாயில் சிறிய வெண் புழுக்களைக் கண்டார். அவர் பெயராலேயே அந்த நோய் பில்ஹார்சியா எனப்பட்டது. நைல் நதியின் வாய்க்கால்களில் வாழும் நத்தையிலிருந்து வெளிப்படும் குடம்பி, நீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்துப் புகும். ஒரு வகைப் புழு சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள நாளங்களில் குடியிருந்து முட்டையிடும். முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரிலும் சிறுநீர்க்கான்களிலும் சிக்கி, காலப்போக்கில் சுண்ணாம்பாக இறுகி, வழியை அடைத்துவிடும். மேலேயிருந்து வடியும் சலம் போக வழியின்றித் தேங்கி, சிறுநீரகம் வீங்கி மெலிந்து பயனற்றுப்போகும். கலன்கோளத்துக்கு இதில் முதற்பங்கு இல்லை. இது வடிகால் அடைபட்டதன் விளைவு. எகிப்தில் சிறுவர்கள் சிவப்பாகச் சலம் கழிப்பது பருவம் எய்துவதன் அடையாளம் என்று ஊரார் கருதிய காலமும் இருந்தது. அவ்வளவு பொதுவாக இருந்த நோய்.

இன்று பிராசிகுவான்டெல் குளிசை ஒருவேளை கொடுத்தாலே புழு சாகும். அந்தக் குளிசை வருவதற்கு முன் எகிப்து அரசு 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஊசி போட்டு வந்தது. ஊசிகள் சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஈரலழற்சி சி வைரசு பரவியது. அந்த வைரசு ஈரலை மட்டுமன்றிக் கலன்கோளத்தையும் தாக்கவல்லது. ஒரு நோயைத் துடைக்கப் போன கை இன்னொன்றை ஊன்றிவிட்டு வந்தது. எகிப்து 2018இல் தொடங்கி நாடு முழுவதும் பரிசோதித்துப் புதிய மாத்திரைகளால் அந்த வைரசையும் ஒடுக்கியது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நீதி.

மலேரியாவில் பல வகை. மூன்று நாளைக்கொருமுறை காய்ச்சல் தரும் வகை, 1960களில் மேற்கு நைஜீரியாவில் பிள்ளைகளின் முகமும் வயிறும் வீங்கிச் சலத்தில் புரதம் கொட்டும் நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. உகண்டாவிலும் அதே அவதானிப்பு. பின்வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மங்கிவிட்டது. கடும் மலேரியாவில் செங்குருதிக் கலங்கள் உடைந்து சலம் கறுத்துச் சிறுநீரகம் திடீரென நின்றுபோவது இன்றும் உண்டு.

அரிவாட்கலச் சோகையும் மலேரியாவோடு ஒட்டிப் பிறந்ததே. ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. இரண்டு இருந்தால் நோய். அபோல்-1 கதையின் மூத்த சகோதரம். சிறுநீரகத்தின் ஆழ்பகுதியில் ஒட்சிசன் இயல்பாகவே குறைவு, உப்புச் செறிவோ அதிகம். செங்கலம் அரிவாளாக வளைவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உடம்பில் இல்லை. ஆகவே இந்தப் பிள்ளைகளின் சிறுநீரகம் சலத்தைச் செறிவாக்கும் திறனைச் சிறுவயதிலேயே இழக்கிறது. இரவில் படுக்கை நனைகிறது. வீட்டில் அடி விழுகிறது. அது சோம்பலல்ல, சிறுநீரகத்தின் முதல் முறைப்பாடு.

போத்தலில் வந்தவை

கிருமியும் பரம்பரையும் செய்வதை மனிதக் கைகளும் செய்யும். 2022இன் நடுப்பகுதியில் கம்பியாவில் இருமல், காய்ச்சலுக்குப் பாணி மருந்து குடித்த சின்னப் பிள்ளைகள் சலம் போகாமல் நின்று இறந்தார்கள். குறைந்தது 70 பேர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழ். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், வரைபடத்தில் ஆற்றின் இரு கரையாக மட்டும் கிடக்கும் சின்ன நாடு. இந்தியாவில் தயாரித்து அனுப்பப்பட்ட பாணிகளில் டைஎதிலீன் கிளைகோல், எதிலீன் கிளைகோல் கலந்திருப்பதாக அவ்வருடம் ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. வாகன இயந்திரங்களின் குளிரூட்டித் திரவத்திலும் தொழிற்சாலைகளிலும் புழங்கும் இனிப்பான நச்சு. மருந்துக்குரிய கிளிசரினின் இடத்தில் மலிவாக வந்து சேர்ந்துவிடும். ஈரலில் மாற்றமடைந்து சிறுகுழாய்க் கலங்களைக் கொல்லும். அமெரிக்காவில் 1937இல் நூற்றுக்கு மேற்பட்டோர் இதே நச்சால் இறந்த பிறகுதான் அங்கே மருந்துச் சட்டம் இறுகியது. நைஜீரியாவில் 1990இலும், திரும்ப 2008-09இல் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பாணியிலும் வந்தது. பின்னதில் மட்டும் 84 குழந்தைகள். தெரியாத நச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

நைரோபியில் 1972இல் வெளியான ஓர் ஆய்வு நம் வீடுகளுக்கும் வர வேண்டியது. முகமும் காலும் வீங்கி, சலத்தில் புரதம் போன வளர்ந்தவர்களை விசாரித்ததில் பாதிக்கு மேற்பட்டோர் தோலை வெளுப்பாக்கும் கிறீம் பூசுபவர்கள். கிறீமில் பாதரசம். தோல் வழியாக உள்ளே போன பாதரசம் கலன்கோளத்தின் சவ்வைத் தடிக்கச் செய்திருந்தது. பலருக்குக் கிறீமை நிறுத்தியதும் புரதம் குறைந்தது. இது ஆபிரிக்கத்தோடு முடிந்த சங்கதியல்ல. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை கண்டறியப்பட்ட அதே வகைச் சவ்வு நோயாளிகள் 22 பேரில் 15 பேரிடம் ஒரு குறிப்பிட்ட அடையாளப் புரதம் கிடைத்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிறீம் பாவித்தவர்கள். கல்யாணம் நெருங்குகையில் நம் பெண்பிள்ளைகளின் மேசையில் பெயர், ஊர், உள்ளடக்கம் எதுவுமில்லாத டப்பா ஒன்று வந்து உட்காருவதை வாசகர் அறிவார்.

மருதோன்றியின் கதையும் இதுதான். மருதோன்றி இலை தரும் நிறம் செம்மை. சூடானில் கல்யாணப் பெண்ணின் கையும் காலும் கறுப்பாக மின்ன வேண்டும் என்பதற்காக அதில் பரா-பெனிலீன்டையமீன் என்ற தலைமயிர்ச் சாயப் பொருளைக் கலப்பார்கள். கல்லுப்போல் கட்டியாகக் கடையில் விற்கும். தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம். விழுங்கினால் சில மணித்தியாலத்தில் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். அதைத் தாண்டினால் தசை உருகி, அதன் நிறப்பொருள் சிறுகுழாய்களை அடைத்துச் சலம் கறுத்து நின்றுவிடும். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதால் மனமுடைந்த இளம் பெண்கள் அதை எடுத்து விழுங்குவது 1980கள் முதல் சூடானிலும் மொரோக்கோவிலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகி வருகிறது. இதைச் சிறுநீரக நோய் என்று மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இயலுமானவரை இரத்தச் சுத்திகரிப்பு கிடைத்தால் இவர்களுடைய சிறுநீரகம் பெரும்பாலும் முழுதாகத் திரும்பிவிடும். நிரந்தரத் தழும்பு இல்லை. சில வாரம் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை.

எண்ணில் ஒளிந்த நிறம்

சிறுநீரக நோய் வலிக்காது. பாதிக்கு மேல் போன பிறகும் ஆள் வயலுக்குப் போவார், தொழுவார், கல்யாண வீட்டில் சாப்பிடுவார். பசியின்மை, வாந்தி, மூச்சு வாங்கல் என்று வரும்போது மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. ஆபிரிக்காவின் பெரும்பாலான இடங்களில் முதற்தடவை வைத்தியரைக் காண்பது இந்தக் கட்டத்தில்தான். ஸ்கேன் எடுத்தால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கும். அந்நிலையில் இழையத் துண்டை ஊசியால் எடுத்துப் பார்த்தாலும் தழும்புதான் தெரியும். எது தொடக்கிவைத்தது என்பது தெரியாது. நேரத்தோடு எடுத்தாலும் அதை வாசிக்கச் சிறப்புச் சாயங்களும் பயின்ற நோயியல் நிபுணரும் வேண்டும்; பல நாடுகளில் இரண்டும் அரிது.

சாதாரணமாகச் செய்வது கிரியேட்டினின் என்ற குருதிப் பரிசோதனை. தசையிலிருந்து வெளிவரும் கழிவு அது. வயது, பால் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிக்கிறது என்ற மதிப்பீடு வரும். 1999இல் அமெரிக்காவில் உருவான சூத்திரத்தில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 21 சதவீதம் கூட்டிக் காட்டும் ஒரு பெருக்கு எண் இருந்தது. 2009இன் சூத்திரத்தில் 16 சதவீதமளவு. கறுப்பினத்தாருக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட விளக்கம். பலன் என்ன? ஒரே வயது, ஒரே கிரியேட்டினின் உள்ள இருவரில் வெள்ளையர் "நோயாளி"; கறுப்பினத்தவர் "பரவாயில்லை". மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் ஏறுவதும் அந்த எண்ணை வைத்துத்தான். 2021இல் அந்தப் பெருக்கு எண் நீக்கப்பட்டது. 2023 தொடக்கம் முதல், பிந்திச் சேர்க்கப்பட்ட கறுப்பின நோயாளிகளுக்கு இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அங்குள்ள மாற்றுச் சிகிச்சை நிலையங்கள் பணிக்கப்பட்டன.

ஆபிரிக்காவில் நிலைமை வேறு கோணம். தசை அதிகம் என்பதென்ன, உணவு போதாதவர்களிடமும் நாட்பட்ட தொற்று உள்ளவர்களிடமும் தசையே குறைவு. தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறையும். எண் "நல்லாயிருக்கு" என்று சொல்லும், சிறுநீரகமோ நல்லாயிருக்காது. மலாவி, தென்னாபிரிக்கா, உகண்டா ஆகிய மூன்று நாடுகளில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் வடிப்பு வீதத்தை மருந்து ஏற்றி நேரடியாக அளந்து 2022இல் வெளியிட்டார்கள். கிரியேட்டினின் சூத்திரங்கள் சிறுநீரகத் திறனைக் கூட்டியே காட்டின. நோய் இருக்கும் அளவு அவை சொல்வதைவிடக் கணிசமாக அதிகம்.

இதற்கெதிரே நிற்கும் மலிவான பொருள் ஒன்று உண்டு. சலத்தில் தோய்க்கும் கடதாசிப் பட்டி. நிறம் மாறினால் புரதம் போகிறது. குருதியமுக்கக் கருவியும் இந்தப் பட்டியும் இருந்தால் கிராமத்துத் தாதியே அபோல்-1 வகை, எச்.ஐ.வி. வகை, பாதரச வகை, சீனி வருத்த வகை எல்லாவற்றையும் சந்தேகிக்கத் தொடங்கலாம். இவை எல்லாம் கலன்கோளத்தில் ஓட்டை விழுபவை. சலம் நுரைத்துக்கொண்டு போவதை வீட்டிலேயே காணலாம். ஆனால் இங்கே இலங்கை வாசகருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அனுராதபுரம், பதவிய, மெதவாச்சி பக்கத்து விவசாயிகளைத் தாக்கும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் தொடங்குவது சிறுகுழாயிலும் இடையிழையத்திலும். அதில் தொடக்கத்தில் புரதம் பெரிதாகப் போகாது, நுரையும் இருக்காது, பட்டி பேசாமல் இருந்துவிடும். அங்கே குருதிப் பரிசோதனைதான் கதி. ஆபிரிக்கப் பாடத்தை அப்படியே இங்கு கொண்டுவந்து ஒட்ட முடியாது.

கண்டுபிடித்த பிறகு

தழும்பை அழிக்கும் மருந்து இல்லை. தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கலாம். "பிரில்" என்று முடியும் பெயருடைய குருதியமுக்கக் குளிசைகள் கலன்கோளத்துக்குள்ளே இருக்கும் அமுக்கத்தையும் இறக்கிப் புரதக் கசிவைக் குறைக்கும். கறுப்பினத்தாருக்கு இவை வேலை செய்யாது என்று நெடுங்காலம் ஒரு பேச்சிருந்தது. அமெரிக்கக் கறுப்பின நோயாளிகள் 1,094 பேரில் நடந்து 2002இல் முடிவு வெளியான பரிசோதனையில், குருதியமுக்கத்தோடு சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு ராமிப்ரில் அம்லோடிபினைவிடச் சிறுநீரகத்தை நன்றாகக் காத்தது. குளிசை விலை குறைந்தது. இடைக்கிடை பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சீனி வருத்தத்துக்கென்று வந்த "ஃப்ளோசின்" குளிசைகள் சீனி இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காப்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. மூட்டுவலிக்கு என்று கடையில் வாங்கும் வலிநீக்கிகளை நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட மலிவான சிகிச்சை.

அபோல்-1இன் வேலையையே தடுக்கும் இனாக்சாப்லின் என்ற மருந்து 2023இல் செய்தியானது. 13 வாரத்தில் புரதக் கசிவு சராசரி 47.6 சதவீதம் குறைந்தது. சேர்க்கப்பட்டவர்கள் 16 பேர் மட்டுமே. பெரிய பரிசோதனை தொடர்கிறது. இந்த வடிவங்கள் மிகச் செறிவாக இருக்கும் மேற்கு ஆபிரிக்கக் கிராமத்துக்கு அந்த மருந்து என்ன விலையில் போய்ச் சேரும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

மாற்றுச் சிறுநீரகத்திலும் பரம்பரை பின்தொடர்கிறது. இரண்டு பிரதி உடையவரின் சிறுநீரகத்தை வேறொருவருக்கு வைத்தால் அது சீக்கிரம் பழுதாகும் வாய்ப்பு அதிகம். கொடுக்க முன்வரும் உடன்பிறப்புக்கும் அதே பிரதிகள் இருக்கலாம். மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தோடு அவர் நோயாளியாகலாம். சோதித்துப் பார்க்காமல் கொடுக்கச் சொல்வது பொருத்தமல்ல. உறுப்புக் கொடை ஆகுமா என்ற மார்க்கக் கேள்விக்கு ஜித்தாவிலுள்ள சர்வதேச பிக்ஹ் கழகம் நிபந்தனைகளோடு ஆகும் என்று 1988இலேயே தீர்மானித்துவிட்டது.

நோன்பு பற்றியும் கேட்பார்கள். ஆரம்ப நிலையிலுள்ளவர்கள் பலர் வைத்தியரின் கண்காணிப்பில் சேதமின்றிப் பிடித்திருக்கிறார்கள். சிறுநீரகத் திறன் நன்கு குறைந்தவர்கள், இரத்தச் சுத்திகரிப்பில் உள்ளவர்கள், அரிவாட்கல நோயாளிகள் நிலை வேறு. நாற்பது பாகை வெப்பத்தில் கார்ட்டூமில் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம் நீரின்றி இருப்பது பழுதுபட்ட சிறுகுழாய்க்குத் தாங்காது. சூரா பகரா நோயாளிக்குத் தந்த சலுகை இப்படியானவர்களுக்கே. அதை ஏற்கக் கூச்சப்பட்டு ரமழான் பத்தோடு வைத்தியசாலைக்கு வருபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

சிறுநீரகம் முழுதும் நின்றுவிட்டால் இயந்திரம். யாருக்கு இயந்திரம் என்ற கேள்வியை நேருக்கு நேர் கேட்டது தென்னாபிரிக்கா. டர்பனைச் சேர்ந்த 41 வயதான ஒருவர், வழக்கேட்டில் சூப்ரமோனி என்று பதிவானவர். பெயரே அவருடைய முன்னோர் எந்தக் கடலைத் தாண்டி வந்தார்கள் என்று சொல்லும். சீனி வருத்தம், இருதய நோய், பாரிசவாதம், இரண்டு சிறுநீரகமும் இல்லை. கைப்பணம் தீரும்வரை தனியாரிடம் சுத்திகரித்தார். அரச வைத்தியசாலையோ, மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியானவருக்கே நீண்டகாலச் சுத்திகரிப்பு என்று மறுத்தது. அங்கே இருந்தவை இருபது இயந்திரங்கள். அரசியலமைப்பு உயிருக்கு உரிமை தருகிறதே என்று அவர் நீதிமன்றம் போனார். 1997 நவம்பர் 27ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் கோரிக்கையை நிராகரித்தது. வளம் போதாதபோது நல்லெண்ணத்தோடு வகுத்த பங்கீட்டில் நீதிமன்றம் தலையிடாது என்பது தீர்ப்பின் சாரம். சில நாட்களில் அவர் இறந்தார். அந்த நீதிபதிகள் கல்நெஞ்சர்கள் அல்லர். நிறவெறி ஆட்சி முடிந்து மூன்றே வருடமான நாட்டில் உட்கார்ந்து எழுதியவர்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் படித்தபின் கடதாசிப் பட்டியின் விலை வேறுவிதமாகத் தெரிகிறது.

சூடான் வேறு வழி எடுத்திருந்தது. 1968இல் கார்ட்டூமில் இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியது, 1974இல் முதல் மாற்றுச் சிறுநீரகம். பின்னர் வறிய நாடாக இருந்தும் சுத்திகரிப்பை இலவசமாக்கியது. வாரத்துக்கு மூன்று தடவை கொடுக்க வசதியில்லாததால் பெரும்பாலோருக்கு இரண்டு தடவை. குறைத்துக் கொடுத்தாலும் எல்லோருக்கும் கொடுப்போம் என்ற முடிவு. ஏறத்தாழ 8,000 பேர் அப்படி உயிரோடிருந்தார்கள். 2023 ஏப்ரல் 15இல் கார்ட்டூமில் சண்டை வெடித்தது. மின்சாரம் போனது, வடிகட்டிகள் தீர்ந்தன, தாதியர் வீதியில் இறங்க முடியவில்லை. இயலுமானவர்கள் தெற்கே வத் மதனி நகரத்துக்குப் போய் அங்குள்ள நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். டிசம்பரில் சண்டை வத் மதனிக்கும் வந்தது. இயந்திரம் ஓடும் அடுத்த ஊர் எது என்று விசாரித்துக்கொண்டு அவர்கள் மறுபடியும் புறப்பட்டார்கள்.